பஞ்சுவின் கைப்பிடி

பஞ்சுவைப் பயமில்லாமல் தொடுவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே, ஓர் உள்ளங்கை அகலம். வேறு எங்கே அழுத்திப் பிடித்தாலும் மேல்தோல் கழன்று கொப்புளமாகிவிடும். சட்டைத் தையல் உரசினாலும் கொப்புளம்தான், நாற்காலி முனை பட்டாலும் கொப்புளம்தான். பிறந்த அன்றிலிருந்தே அப்படி. பஞ்சைத் தூக்குவது போலத் தூக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. சான்றிதழில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று இப்போதும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் நீங்கள் பிடிக்கலாம், தட்டலாம், கிள்ளக்கூடச் செய்யலாம், ஒன்றும் ஆகாது. அவளுடைய ஆறு வயதில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு அது முதலில் தென்பட்டது. முப்பத்து நான்கு வயதில் இந்த அளவுக்கு வந்திருந்தது. வீட்டில் அதற்குக் கைப்பிடி என்று பெயர். சாலையைக் கடக்கும்போது அம்மா பிடிப்பது அங்கேதான். பள்ளியில் தோழிகள் பேனாவால் பூ வரைந்தது அங்கேதான். ஆறு வருடங்களுக்கு முன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி வாரம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததும் அங்கேதான்.

அதிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி ஆராய்ச்சியம்மா கேட்டார்.

பரம்பரையாக வருகிற அபூர்வமான தோல் நோய்களை ஆராயும் நிலையத்தில் அவர் விஞ்ஞானி. மூன்றாவது மாடி, மின்தூக்கி இருந்தது, ஆனால் அதற்கும் ஏதோ பரம்பரை வியாதி. மூன்று வாரங்களுக்கு முன்பு பஞ்சுவிடமும் அம்மாவிடமும் அத்தையிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். அப்பா இல்லாததால் அவருடைய தங்கையைக் கூப்பிட்டிருந்தார்கள். “அண்ணன் சார்புல நான் வந்திருக்கேன்,” என்று வரவேற்பு மேசையில் அத்தை சொன்னதைக் கேட்டவர்கள், ஏதோ மாநாடு நடக்கப் போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“ஒரு மிளகு அளவு போதும்,” என்றார் ஆராய்ச்சியம்மா. முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. கையைப் பார்த்துத்தான் பேசுவார். கைக்குப் பதில் சொல்லத் தெரியாது என்பதால் அம்மா முந்திக்கொண்டாள்.

“மிளகோ கடுகோ, அதுல மட்டும் கத்தி வைக்காதீங்க. மத்த இடமெல்லாம் சும்மாதானே இருக்கு, வேணுங்கிற அளவு எடுத்துக்கங்க.”

“நான் என்னம்மா, வெட்டிப் போட்ட துண்டுத் துணியா?” என்றாள் பஞ்சு.

“மத்த இடத்துலயும் ஒண்ணு எடுப்போம்,” என்றார் ஆராய்ச்சியம்மா கையிடம். “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். இங்க மட்டும் தோல் எப்படி உறுதியாச்சுன்னு தெரியணும்.”

“அதான் தெரியுமே,” என்றார்கள் அம்மாவும் அத்தையும் ஒரே மூச்சில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மா தையல்காரி. தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, தானே ஒரு களிம்பு செய்து, முப்பது வருடங்களுக்கும் மேலாகக் காலையில் பஞ்சுவுக்குப் பூசி வந்தாள். அத்தை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு மருந்துக்கடையில் விற்கிற வெள்ளைக் களிம்பில்தான் நம்பிக்கை. அடுத்த தெருவிலிருந்து மாலையில் வந்து அதைப் பூசுவாள். பூசுவதற்கு முன் “முதல்ல இந்தப் பிசுக்கைத் துடைக்கணும்” என்று அண்ணியின் களிம்பைத் துடைத்துவிடுவாள். காலையில் அம்மா “என்ன இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி” என்று நாத்தனாரின் களிம்பைத் துடைத்துவிடுவாள். இப்படித் துடைத்தும் பூசியும் வந்ததில், கைப்பிடி தன்னுடைய களிம்பால்தான் வந்தது என்று இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. உடம்பு முழுவதும்தான் பூசினார்கள். பலிக்காத இடங்களுக்கு மட்டும் இருவருமே உரிமை கொண்டாடவில்லை.

ஆராய்ச்சியம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு ரத்தப் பரிசோதனை சொன்னதைச் சொன்னார். அம்மா தையல்காரி என்று தெரிந்ததும் அவருக்கு வசதியாகப் போயிற்று.

“தோல்ல மேல் துணி, லைனிங்னு ரெண்டு இருக்குன்னு வச்சுக்கங்க. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற நூலை உடம்பே செய்யுது. எப்படிச் செய்யணும்னு ரெண்டு குறிப்பு இருக்கும். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. ஒண்ணு சரியா இருந்தாலே போதும். உங்க பொண்ணுக்கு ரெண்டுலயும் தப்பு.”

“எந்தப் பக்கத்துத் தப்பு பெருசு?” என்று அத்தை கேட்டாள். இந்தக் கேள்வி முப்பத்து நான்கு வருடங்களாக அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டும் ஒரே அளவுதான். ஆளுக்கு ஒரு எழுத்து.”

இத்தனை வருடச் சண்டை சரிசமமாக முடிந்ததில் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

“அப்போ கைப்பிடி?” என்றாள் பஞ்சு.

“செல் பெருகும்போதெல்லாம் அந்தக் குறிப்பைப் பாத்து எழுதிக்கும். பாத்து எழுதுறதுல எப்பவாவது பிசகும். அந்த இடத்துல இருந்த ஒரு செல், தப்பையே தப்பா எழுதினதுல அது சரியாப் போயிருக்கலாம். அந்த ஒண்ணு பெருகிப் பெருகி இவ்வளவு ஆயிருக்கலாம்.”

“முப்பது வருஷம் ஆபீஸ்ல பாத்து எழுதின கை இது,” என்றாள் அத்தை. “தப்பு வந்து பாத்திருக்கேன். தப்பா எழுதிச் சரியா வந்து பாத்ததே இல்லை.”

“அதனாலதான் வெட்டிப் பாக்கணும்ங்கிறேன்.”

பஞ்சு கேட்க வேண்டியதை இப்போது கேட்டாள். “இதனால எனக்கு என்ன கிடைக்கும்?”

“இப்போதைக்கு ஒண்ணும் கிடைக்காது.” அவர் சுற்றி வளைக்கவில்லை. “அந்தத் தோலைக் கிண்ணத்துல வளர்க்க முடிஞ்சா, ஒரு காலத்துல உங்க தோலையே வளர்த்து உங்க புண்ணுலயே ஒட்டலாம். எப்போன்னு கேட்டா தெரியாது. முடியுமான்னு கேட்டாலும் தெரியாது.”

“வெட்டின இடம் ஆறிடுமா?”

“ஆறணும்.”

“ஆறணும்னா?”

“நாங்க நினைக்கிற மாதிரி அது சரியான தோலா இருந்தா ஆறும்.”

பஞ்சு சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவளுக்கு வலியைப் பற்றிக் கவலையில்லை. தினமும் காலையில் கொப்புளங்களுக்குக் கட்டு மாற்றுகிறவளை ஒரு மிளகு பயமுறுத்திவிடாது. ஆறாமல் போனால்? உடம்பில் தனக்கென்று இருக்கிற ஒரே நல்ல இடமும் வெறும் நம்பிக்கைதான் என்று ஆகிவிட்டால், அப்புறம் யார் எங்கே பிடிப்பார்கள்?

அம்மாவுக்கு அந்தக் கவலையை விடக் களிம்பின் மானம் பெரிதாகப் பட்டது. வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “தானா வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. என்கிட்ட அத்தாட்சி இருக்கு. வருஷா வருஷம் அளவெடுத்து வச்சிருக்கேன்.”

“என்கிட்டயும் இருக்கு,” என்றாள் அத்தை. “என்னது தேதியோட இருக்கு.”

ஆராய்ச்சியம்மா முதல் முறையாகக் கையிலிருந்து பார்வையை எடுத்து அவர்கள் முகங்களைப் பார்த்தார்.

பஞ்சுவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு சின்னக் கண்ணாடி அறை, மெத்தை போட்ட நாற்காலி, ஒலிபெருக்கி. யாரும் வந்து இடிக்க மாட்டார்கள். மறுநாள் அவள் மூன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டியை ஐந்தாம் நடைமேடைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். வண்டி ஒழுங்காக மூன்றுக்கே வந்தது. பயணிகள்தான் மூட்டை முடிச்சோடு படியேறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினார்கள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று திருத்திச் சொல்லும்போது வலது கை இடது கையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பதை அவளே அப்போதுதான் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஆராய்ச்சி நிலையத்தின் நீள மேசையில் அத்தாட்சிகள் பரப்பப்பட்டன. அம்மாவுடையவை பழுப்புக் காகிதத்தில் வெட்டியவை. சட்டைக்கு மாதிரி வெட்டுவது போலக் கைப்பிடியின் மேல் காகிதத்தை வைத்து, ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, கத்தரியால் நறுக்கி, குண்டூசியில் கோத்து வைத்திருந்தாள். வருடத்துக்கு இரண்டு. முதலாவது பொத்தான் அளவு, கடைசி உள்ளங்கை அளவு. பார்த்தால் ஏதோ பொம்மைக்கு வருடா வருடம் சட்டை தைத்த மாதிரி இருந்தது. அத்தையுடையவை கட்டம் போட்ட தாளில் இருந்தன. கோடு, கட்டங்களின் எண்ணிக்கை, கீழே பள்ளிக்கூடத்துத் தேதி முத்திரை.

“முத்திரை எதுக்கு அத்தை?”

“பின்னாடி யாரும் கேள்வி கேக்கக் கூடாதில்ல.”

ஆராய்ச்சியம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு தோல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு இருபத்தெட்டு வருடம் வளர்ந்ததை இப்படி யாரும் அளந்து வைத்து அவர் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அளவுகளைக் கணினியில் ஏற்றி ஒரு கோடு வரைந்தார். கோடு சீராக ஏறிக்கொண்டே போயிற்று. அம்மாவின் அளவு மட்டும் எப்போதும் அத்தையின் அளவை விடக் கொஞ்சம் அதிகம்.

“தையலுக்கு மடிப்பு விட்டுத்தான் வெட்டுவேன்,” என்றாள் அம்மா. “பழக்கம்.”

“கள்ளக் கணக்கு,” என்றாள் அத்தை.

“இந்த ரெண்டு வருஷம் என்ன நடந்துச்சு?” ஆராய்ச்சியம்மா கோட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்கேயும் அதே வேகத்துலதான் வளர்ந்திருக்கு. ஆனா விடுமுறை நாள்ல மட்டும் அளந்திருக்கீங்க.”

“அது இவ அறிவிப்பாளர் பயிற்சிக்குப் போய் விடுதியில இருந்தப்ப. ரெண்டு டப்பாவும் கொடுத்து விட்டோம். காலையில என்னது, சாயங்காலம் நாத்தனாரோடது. தவறாம போட்டா,” என்றாள் அம்மா.

பஞ்சு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“பஞ்சு?” என்றாள் அம்மா.

“போடலை.”

“எதைப் போடலை?” என்று அம்மா கேட்டாள், நாத்தனாருடையது என்ற பதிலை எதிர்பார்த்து.

“ரெண்டையும்தான். பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குக் குதிகால் வெடிப்பு. அவளுக்குக் கொடுத்துட்டேன்.”

அம்மா பழுப்புக் காகிதங்களைப் பொறுக்கித் திரும்பக் குண்டூசியில் கோத்தாள்.

“அவளுக்கு எது கேட்டுச்சு?” என்றாள் அத்தை மெதுவாக.

“அத்தை.”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்டி.”

தோற்றுப்போனதில் இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். தானாக வந்தது தானாகப் போய்விடவும் கூடும், அதனால் கத்தி படவே கூடாது என்று அம்மா சொன்னாள். “அண்ணி சொல்றது சரி,” என்றாள் அத்தை. அவள் வாயிலிருந்து அந்தச் சொற்கள் அதற்கு முன் எப்போது வந்தன என்று பஞ்சுவால் நினைவுபடுத்த முடியவில்லை.

ஆராய்ச்சியம்மா வற்புறுத்தவில்லை. “வேற எங்கேயாவது இப்படி ஒரு இடம் இருக்கான்னு யாராவது தேடியிருக்காங்களா?” என்றார். யாரும் தேடியதில்லை. புண் இருக்கிற இடங்களைத்தான் இத்தனை வருடமும் தேடினார்கள். புண் இல்லாத இடத்தை யார் தேடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

திரைக்குப் பின்னால், ஜன்னலோர வெளிச்சத்தில், முக்கால் மணி நேரம் தேடினார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் “மன்னிக்கணும்” என்பார். நாற்பது மன்னிப்புக்குப் பிறகு பஞ்சு, “மொத்தமா மன்னிச்சுட்டேன், பாருங்க,” என்றாள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அவளால் எட்டிப் பார்க்கவும் முடியாத, தொடவும் முடியாத ஓர் இடத்தில், உருப்பெருக்கி நின்றது.

“இங்க ஒண்ணு இருக்கு. துவரம்பருப்பு அளவு. பக்கத்துல எல்லாம் பழைய வடு. இது மட்டும் சுத்தமா இருக்கு.”

அம்மா திரைக்குள் வந்து பார்த்தாள். அத்தை மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அப்போ பிரச்சினை தீந்துச்சு,” என்றாள் அம்மா. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. “இதுல எடுத்துக்கங்க. இது இருக்குன்னே நேத்து வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. போனாத் தெரியவும் போறதில்லை.”

“எடுக்கலாம்,” என்றார் ஆராய்ச்சியம்மா. “ஆனா மிளகு அளவு எடுத்தா இதுல மிச்சம் இருக்காது. முழுசாப் போயிடும்.”

“போகட்டுமே.”

பஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவசரப்படாமல் பொத்தான்களைப் போட்டாள். விரல் நுனிகளில் கட்டு இருந்ததால் நேரம் எடுத்தது. யாரும் உதவவில்லை, உதவினால் கோபம் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

“அதைத் தொட வேண்டாம்,” என்றாள். “கையிலயே எடுங்க.”

“ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா?”

“அது இப்பத்தான்மா வந்திருக்கு. பருப்பு அளவு. நாமளும் இவ்வளவு நாள் கண்டுக்கலை. கண்டுபிடிச்ச அன்னிக்கே அழிக்கணுமா? கையில இருக்கிறது வளந்தது. ஒரு மிளகு போனாலும் நிக்கும்.”

“நிக்கலைன்னா?”

“நிக்கலைன்னா, முதுகுல இருக்கிறது வளர்ற வரைக்கும் காத்திருப்பேன். அதையும் வெட்டிட்டா எதுக்காகக் காத்திருக்கிறது?”

 

இரண்டு நாள் கழித்து வெட்டினார்கள். மரத்துப்போக வைக்கிற ஊசியையும் அங்கேயேதான் போட்டார்கள். ஊசி போட்டாலும் கொப்புளிக்காத இடம் அது ஒன்றுதான். கை அசையாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் செவிலி. பிடிக்க முடிந்த இடமும் அதேதான். ஆக அந்த உள்ளங்கை அகலத்துக்குள் அம்மாவின் விரல்கள் ஒரு பக்கம், அத்தையின் விரல்கள் மறுபக்கம், நடுவில் ஆராய்ச்சியம்மாவின் வட்டக் கத்தி.

“கொஞ்சம் எனக்கும் இடம் கொடுங்க,” என்றார் ஆராய்ச்சியம்மா.

“நீ விடு, நான் பிடிச்சுக்கிறேன்,” என்றாள் அம்மா.

“நீங்க விடுங்க அண்ணி. உங்க கை நடுங்குது.”

“நடுங்குறது உன் கை.”

இரண்டு கைகளும்தான் நடுங்கின. நடுவில் இருந்த பஞ்சுவின் கைதான் அசையாமல் இருந்தது. வேலை முடிந்ததை, சின்னக் குப்பியின் மூடி திருகும் சத்தத்தில்தான் மூவரும் தெரிந்துகொண்டார்கள். பக்கத்துத் தோலில் எடுத்த இன்னொரு துண்டும் வேறொரு குப்பிக்குப் போயிற்று.

பிறகு வந்த பத்து நாட்களில் அவளைப் பிடிக்க இடமே இல்லை. கைப்பிடியில் கட்டு. வேலைக்குக் கிளம்பினால், சாலையைக் கடக்கும்போது அம்மா முன்னால் போய்க் கையை விரித்து வண்டிகளை நிறுத்துவாள். அத்தை பின்னால் குடையை நீட்டியபடி வருவாள். நடுவில் பஞ்சு, மந்திரி மாதிரி. “ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறீங்களா, இல்ல நான் நிலையத்துல உங்களைக் காணவில்லைன்னு அறிவிக்கவா?” என்பாள். இரண்டு பேரும் நிலைய வாசல் வரை வந்துவிட்டுத்தான் போவார்கள்.

பகலில் சிரிப்பாகத்தான் போயிற்று. கட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாததுதான் கஷ்டம். எட்டாம் நாள் அரிக்கத் தொடங்கியது. பஞ்சுவுக்கு அது என்ன அரிப்பென்றே புரியவில்லை. புண் அழுகுகிறதோ என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று அறிவிப்புகளையெல்லாம் வழக்கத்தை விடத் தெளிவாகச் சொன்னாள்.

பத்தாம் நாள் ஆராய்ச்சியம்மா கட்டைப் பிரித்தார். ஓரத்தில் கொப்புளம் இல்லை. நடுவில் ஒரு சின்னப் பக்கு, உலர்ந்து, கரிய நிறத்தில்.

“அரிச்சுதா?”

“ரொம்ப.”

“நல்லது. எல்லாருக்கும் புண் ஆறும்போது அப்படித்தான் அரிக்கும்.” விரலால் ஓரத்தை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். தோல் நகரவில்லை. “இது ஊர்ல எல்லார் கையிலயும் ஆறுற மாதிரி ஆறியிருக்கு.”

பஞ்சு அந்தப் பக்கை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் அம்மா மூக்கை இரண்டு முறை சிந்தியாயிற்று.

ஆறு வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. துண்டு கிண்ணத்தில் வளர்கிறது என்றார் ஆராய்ச்சியம்மா. இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம் என்றும் சொன்னார். அவர் நினைத்தது போலவே ஓர் எழுத்துத் திருந்தியிருந்தது.

“திருந்தினது அம்மா கொடுத்த குறிப்பு. அப்பா கொடுத்தது பழையபடிதான் இருக்கு. ஒண்ணு சரியா இருந்தாப் போதுமே, நூல் பிடிச்சுக்கிச்சு.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அறையில் அவளுக்கு நாற்காலி போதாமல் போயிற்று.

“நான் ஒண்ணும் சொல்லலை,” என்றாள். “எங்க பக்கத்துல தப்பு வந்தாலும் திருத்திக்குவோம். அவ்வளவுதான். சில பேர் பக்கத்துல முப்பத்து நாலு வருஷமா அப்படியே இருக்கு.”

அத்தை கைப்பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஆராய்ச்சியம்மாவிடம், “முதுகுல இருக்கே ஒண்ணு, அது யார் பக்கம்?” என்றாள்.

“தெரியாது. அதுல எதுவும் எடுக்கலையே.”

“எங்க அண்ணன் பக்கமா இருக்கலாமில்ல?”

“இருக்கலாம். இது ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியா நடக்கிறதுதான்.”

“கேட்டுக்கங்க அண்ணி.”

“‘இருக்கலாம்’னுதான் சொன்னாங்க.”

“எடுத்துப் பாக்கிற அளவுக்கு அது வளர எவ்வளவு நாளாகும்?” என்று அத்தை கேட்டாள்.

ஆராய்ச்சியம்மா கணினியில் பழைய கோட்டைத் திறந்தார். விரலை வைத்து நகர்த்தினார். “கையில வளந்த வேகம்னா, எட்டு வருஷம்.”

அத்தை மனதுக்குள் கூட்டினாள். “அப்போ எனக்கு எழுபது,” என்றாள். “சரி, வர்றேன். குறிச்சு வச்சுக்கங்க.”

“என் உடம்பு. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்றாள் பஞ்சு.

“உனக்கு நாற்பத்திரண்டு ஆயிருக்கும். விவரம் வந்திருக்கும். அப்போ கேக்கிறோம்.”

“நானும் வருவேன்,” என்றாள் அம்மா அவசரமாக. “நீ மட்டும் தனியா வந்தா, எதையாவது உங்க பக்கமா எழுதி வாங்கிட்டுப் போயிடுவ.”

ஆராய்ச்சியம்மா சிரிக்காமல் கோப்பை இழுத்து, மூலையில் வருடத்தை எழுதினார். அண்ணியும் நாத்தனாரும் தலை முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்து, எண் சரிதானா என்று பார்த்தார்கள்.